அக்காவுக்கு வந்த ஆங்கிலச் சொல்

மன்னாரில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் யாருக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் அது கடைசியில் ஆங்கில ரீச்சரான என் கைக்குத்தான் வரும். மருந்துப் போத்தலின் லேபிள், விசாக் கடிதம், வெளிநாட்டு மருமகன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வரும். கரையில் மீன் வாங்கப் போனால்கூட, “ரீச்சர், இதில என்ன போட்டிருக்கு?” என்று யாராவது ஈரக்கையால் ஒரு போனை நீட்டுவார்கள். எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அர்த்தம் சொல்லாமல் விட்டதில்லை. அர்த்தம் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தால்தான் போன வருடம் என் அக்கா பதினைந்து நாள் யாரோடும் சண்டை பிடிக்காமல் இருந்தாள்.

அக்காவின் மகளுக்கு லண்டனில் இருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்திருந்தது. மகள் முருங்கன் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பெடியனும் அவளும் போனில் கதைத்து ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப் போய்விட்டது. பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. பெடியனுக்குத் தாய் இல்லை, வளர்த்தது பெரியம்மா. அந்தப் பெரியம்மா ஒருநாள் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினார். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். பெண்ணின் தாய் கொஞ்சம் ‘பக்னேஷஸ்’ (pugnacious) என்று ஊர் ஆள் ஒருவர் சொன்னாராம். நீங்கள் படித்த ஆள், ஒளிக்காமல் சொல்லுங்கள், அது உண்மையா?

அது அன்றாடம் புழங்குகிற சொல் அல்ல. கோபக்காரரைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் நிறைய இருக்கின்றன. கோபம் வரும், போகும். இது அப்படிப்பட்டதில்லை. சண்டை வந்தால் விடமாட்டார் என்பதும் இதற்குப் போதாது. சண்டை வருவதற்கு முன்பே அதை எதிர்பார்த்து ஆசையோடு ஆயத்தமாக நிற்கிறவருக்குத்தான் இந்தச் சொல். முஷ்டியைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லில் இருந்து வந்தது என்று அகராதி சொல்கிறது. மனிதரைச் சொல்லலாம், அவருடைய தாடையை மட்டும் சொல்லலாம், ஒரு சின்ன நாயையும் சொல்லலாம். பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள். எப்போதாவது வயதான விளையாட்டுக்காரர் ஒருவரைச் செல்லமாகவும் சொல்வதுண்டு. வலுச்சண்டைக்குப் போகிறவர் என்று நாங்கள் சொல்கிறோமே, அது கிட்டத்தட்டப் பொருந்தும். இவ்வளவு காலமும் வகுப்பில் இதற்கு உதாரணம் தேடித் திண்டாடியிருக்கிறேன். உதாரணம் என் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருந்திருக்கிறது.

அத்தான் நெஞ்சுவலியில் போனபிறகு அக்கா படகை விற்கவில்லை. ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறாள். காலையில் கரையில் மீனை நிறுத்துக் கொடுப்பதும் அவள்தான். மீன் வாங்க வருகிற லொறிக்காரர் ஐஸ் தண்ணி என்று சொல்லி ஒரு கிலோ கழிப்பார். அதற்காகவே அக்கா காத்திருப்பாள். முதலில் செருப்பைக் கழற்றிச் சோடியாக ஒரு பக்கம் வைப்பாள். பிறகு கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிவாள். அப்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைத் திருவிழாவில்கூட நான் கண்டதில்லை.

செய்தி வந்த அன்று, “லண்டன்காரி என்னவாம்?” என்று அக்கா என் போனை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். துணிச்சல்காரி என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எனக்குள் இருந்த ரீச்சர் விடவில்லை.

“உங்களைப் ‘பக்னேஷஸ்’ எண்டு ஊரில ஆரோ சொன்னவையாம். சண்டைக்கு அந்தரப்படுற ஆள் எண்டு அர்த்தம், அக்கா. கோபம் இல்லை, ஆசை. கரையில செருப்பைக் கழட்டி வைப்பியள் எல்லோ, அதுதான்.”

ஊரில் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“பிள்ளையின்ர காரியம் என்னால கெட்டுப் போகுமோ?” என்றாள். பிறகு, “நீ ஒண்டும் எழுதாத. வீடியோவில கதைக்கேக்க அவ என்னைப் பாக்கட்டும்” என்றாள்.

அடுத்த நாள் லொறிக்காரர் வழக்கம்போல ஒரு கிலோ கழித்தார். அக்கா, “சரி” என்றாள். பக்கத்து வீட்டு ஆடு வேலிக்குள் புகுந்து கத்தரிக்கன்றுகளை மேய்ந்தது. அக்கா தானே அதைப் பிடித்துக்கொண்டுபோய், “பாவம், பசியாக்கும்” என்று கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் ஊர் பயந்துவிட்டது. லொறிக்காரர் ஒரு பை அப்பிளோடு என் வீட்டுக்கு வந்து, “ரீச்சர், அக்காவுக்கு உடம்புக்கு ஏலாதோ?” என்று கேட்டார். பூசை முடிந்து வந்த பெண்கள், யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் என்ன ரிப்போட் வந்தது என்று மெதுவாக விசாரித்தார்கள். பங்குச் சுவாமியே என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டாம் கிழமை லொறிக்காரர் கழிப்பதையே நிறுத்திவிட்டார். சண்டை இல்லாமல் கழிக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

ஊருக்கு அது பகிடி. எனக்கு நெஞ்சு சுட்டது. நான் ரீச்சரானதே அக்காவின் சண்டையால்தான். பெண்பிள்ளையைப் படிக்க வெளியூருக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா நின்றபோது, அக்கா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நாலாம் நாள் அப்பா பாணும் சம்பலும் தின்று அலுத்துப்போய், “போகட்டும்” என்றார். அந்தச் சண்டையில் அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுடைய சண்டைகள் அநேகமாக மற்றவர்களுக்காகத்தான். அகராதியில் அது இல்லை. நானும் அதை அவளுக்குச் சொல்லவில்லை.

பேச்சு நாள் வந்தது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்தபிறகு. போனைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்துவிட்டு நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். மகள் குசினியில் நின்றாள். திரையில் பெரியம்மா கண்ணாடி போட்டு, நேராக இருந்தார்.

“பிள்ளை இப்பவே வேலையை விட்டிட்டு இங்கிலீஷ் படிச்சால் நல்லது” என்றார்.

“ஓம், அது நல்லது” என்றாள் அக்கா.

“கலியாணத்தைக் கொழும்பில வைப்பம். மன்னாருக்கு வந்து போறது எங்கட ஆக்களுக்குக் கஷ்டம்.”

“ஓம். நீங்கள் சொல்லுறது சரிதான்.”

குசினிக்குள் சத்தம் நின்றது. மகள் வாசலுக்கு வந்து கண் கலங்கி நின்றாள். எங்கள் ஊரில் தகப்பன் இல்லாத பெண் கலியாணச் சேலையோடு முதலில் சேமக்காலைக்குத்தான் போவாள். தகப்பனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பிறகுதான் கோயிலுக்கு வருவாள். கொழும்பு என்றால் அது இல்லை. அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் ஓம் என்றாள். அவளுடைய கை மேசை விரிப்பின் கரையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

நான் போனைப் பறித்தேன். வாழ்க்கையில் ஒரு கடைக்காரரிடம்கூட விலை குறைத்துக் கேட்காதவள் நான்.

“கொழும்பு சரிவராது. பிள்ளையின்ர தகப்பன் இஞ்சதான் கிடக்கிறார். அவரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் பிள்ளை வெளிக்கிடும். உங்களுக்குத் தூரம் எண்டால் வராதேயுங்கோ. வேலையையும் விடாது, அது கஷ்டப்பட்டுப் படிச்ச படிப்பு.”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கா என் தொடையில் கிள்ளிக் கிள்ளி அந்த இடம் ஒரு கிழமைக்குக் கன்றிப்போய் இருந்தது. நான் நிறுத்தியபோது கலியாணத்தைக் குழப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “ஊரில சொன்ன அந்தச் சண்டைக்காரி நீங்களோ?” என்றார்.

அக்கா என் கையில் இருந்து போனை இழுத்தாள்.

“இல்லை, அது நான். இவ இண்டைக்குத்தான் தொடங்கினவ. அவவோட கோவிக்காதேயுங்கோ. என்னோட கதையுங்கோ.”

“அப்பாடா” என்றார் பெரியம்மா. “இவ்வளவு நேரமும் ஆரோட கதைக்கிறன் எண்டே தெரியேல்லை. எல்லாத்துக்கும் ஓம் எண்டுற ஆளிட்ட எப்பிடிப் பொம்பிளை எடுக்கிறது?”

அதன் பிறகு இரண்டு பேரும் முக்கால் மணித்தியாலம் வாய்க்கு வாய் கொழுவினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். குசினியில் மகள் சிரித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அக்காவின் குரல் தெருப் படலை வரை கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “சுகம் வந்திட்டுதோ?” என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

கலியாணம் எங்கள் கோயிலில் நடந்தது. அன்று காலையில் பெரியம்மாவும் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலுக்குள்ளால் சேமக்காலைக்கு வந்தார். காற்றுக்குத் திரி நூர்ந்து நூர்ந்து போனது. நான்காம் முறைதான் பற்றியது. மகள் குனிந்து மண்ணைத் தொட்டாள். அக்கா கல்லறைக்குக் கிட்டப் போய், வீட்டில் கதைக்கிற அதே குரலில் அத்தானிடம் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறம். சண்டை பிடிச்சுத்தான்.”