அக்காவின் வரிசையில் நான் நிரப்பிய எண்

மாதக் கடைசியில் அக்கா என் மேசையில் கொண்டுவந்து வைக்கும் படிவங்களின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்தாக இருக்கும். ‘வீடு பூட்டு.’ ‘மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க.’ ‘நாய் அவிழ்ந்து கிடந்தது, உள்ளே போக முடியல.’ தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சில நூறு பேருக்கு மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துப் பதிவு செய்யும் ஆய்வு அது. வீடு வீடாகப் போய் அளவெடுப்பவர் அக்கா. உடன்பிறந்தவர் இல்லை, அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். அவர் எழுதி வருவதைக் கணினியில் ஏற்றிக் கணக்கிடுவது என் வேலை.

ஆள் இல்லாத வீட்டுக்கு அளவு இருக்காது. கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டங்கள் எனக்குத் தலைவலி. ஒன்று தட்டுப்பட்டாலும் என் ப்ரோக்ராம் நின்றுவிடும். ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

“இவ்ளோ காலியா விட்டா எப்படிக்கா?”

“ஆளே இல்லன்னா இல்லன்னுதான் தம்பி எழுத முடியும். நானா ஒரு நம்பர் போட்டா அது யாரோட பிரஷர்?” என்று சிரித்தார்.

ஆனால் அந்த வாரமே ப்ரோக்ராமில் நாலு வரி எழுதிச் சேர்த்தேன். கட்டம் காலியாக இருந்தால், அந்த ஆளின் போன மாத அளவை எடுத்து அதுவே போட்டுக்கொள்ளும். பல இடங்களில் செய்கிற வழிதான். ப்ரோக்ராம் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அழகான கோப்பு, ஒரு ஓட்டை இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவின் வீடு திருநீர்மலைப் பக்கம். ஆய்வுக்குச் சீட்டுக் குலுக்கியபோது அவர் தெருவும் விழுந்திருந்தது. அக்காவும் அதில் ஓர் எண். தன் அளவைத் தானே எடுக்கக் கூடாது என்பதால், அவருக்கு அளவெடுக்க வேறொரு பெண் போவார். அக்காவின் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அக்காவோ காலை எட்டு மணிக்கே அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டக் கிளம்பிவிடுவார். தொடர்ந்து மூன்று மாதம் அந்தப் பெண் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

சித்திரை வெயிலில் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு மாடிப்படியில் அக்கா மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் எகிறி மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். கண் விழிக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அவருடைய வரிசையைத் திறந்தேன். நூற்று இருபத்தாறு. மறு மாதமும் நூற்று இருபத்தாறு. அதற்கடுத்த இரண்டு மாதமும் அதேதான். முதலாவது மட்டும்தான் எடுத்த அளவு, மற்ற மூன்றும் என் ப்ரோக்ராம் போட்டவை. இரண்டு மாதம் தொடர்ந்து அளவு கிடைக்காதவர்களை நேரில் தேடிப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் டாக்டர் வைத்த ஏற்பாடு. அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுப்பவன் நான். நிரப்பிய கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் யாருக்கும் எதுவும் விடுபடவில்லை. மாதாமாதம் ‘யாரும் இல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திரையில் அந்த வரிசையைத் திறந்து பார்த்தார். “நானும் கேட்டிருக்கணும்ப்பா. ஒருத்தர்கூட விடுபடலன்னா எப்படின்னு நான் கேட்டிருக்கணும்” என்றார்.

அக்காவின் வீட்டுக்காரரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். எண்ணெய்க் கறை போகாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“தலைய வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா தம்பி. வெயில்னு நானும் வுட்டுட்டேன்” என்றார். பிறகு, “அந்த நம்பர எடுத்துடு. அது அவளுது இல்ல” என்றார்.

மறுநாள் எடுத்தேன். அவருடையதை மட்டுமல்ல, நான் நிரப்பிய எல்லாவற்றையும். பட்டியலை மறுபடி எடுத்தபோது ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் வந்தன. கருவியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

முதல் வீடு சிட்லபாக்கம் ஏரிப் பக்கம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். மகன் வீட்டில் பல மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். என்னை உட்காரவைத்து, சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக் கையை நீட்டினார். பட்டையைச் சுற்றினேன்.

“எப்பவும் அந்தம்மாதானே வருவாங்க? லீவா? வந்தா மாத்திரை போட்டீங்களான்னு மிரட்டுவாங்க. நல்லாருக்காங்களா?”

“இல்லைங்க சார்” என்றேன். “அவங்க இல்ல.”

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு, பட்டை சுற்றிய கை அப்படியே இருக்க, மறு கையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதால் அளவு ஏறிக் காட்டும்; அடங்கும்வரை எடுக்கக் கூடாது. நாங்கள் இருவரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.