அக்கா சொன்ன சாட்சி

மச்சானின் கோழிப்பண்ணையில் எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் இருந்தது. முட்டை ஏற்றும் வண்டிக்கு, ஷெட்டுக்கு, ஏன், கோழிகளுக்கே இருந்தது. இல்லாதவன் நான் ஒருவன்தான். முட்டை போட்டிருந்தால் என்னையும் சேர்த்திருப்பாரோ என்னவோ.

மோகனூர்ப் பக்கம் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு அது. படிப்பு என்னைக் கைவிட்டதும் (சரி, நான்தான் அதைக் கைவிட்டேன்) அங்கேயே தீவனம் அரைக்கப் போனேன். மச்சினன் கையில் கூலி கொடுப்பது மச்சானுக்குக் கௌரவக் குறைச்சல்; கை நீட்டி வாங்குவது எனக்கும் அப்படித்தான். அதனால் வாரக் கடைசியில் மோர்ச் சொம்போடு சேர்த்து அக்கா கொண்டுவந்து வைப்பாள். அதைச் சம்பளம் என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒருநாள் அரவை மெஷினில் மக்காச்சோளம் அடைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று பண்ணையில் எல்லோருக்கும் பாடம் நடத்தியவனே நான். நிறுத்தாமல் கையை விட்டேன். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் திரும்பி வந்தன.

ஆஸ்பத்திரிச் செலவை மச்சான்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஊட்டுல சும்மா உக்காந்துக்கோ மாப்ள, சோத்துக்கா பஞ்சம்?” என்றார். எனக்கோ பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் பின்வாங்கவில்லை. பிழைப்புக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் என் கதையையும் கேட்டார்.

“இன்சூரன்ஸ் போடலீன்னா மொதலாளி தப்பிச்சுக்குவாருன்னு ஆருங்க சொன்னது? அவரு கைக்காசுல இருந்து குடுக்கோணும். கவனக்கொறவா கைய உட்டிருந்தாலும் உண்டுங்க. சேலத்துல தொழிலாளர் துறை ஆபீசுல மனு போடுங்க. ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுறோணும்.”

“அவரு எம்பட மச்சானுங்க.”

“மெஷினுக்கு அது தெரியலியே.”

முதலில் மச்சானிடமே கேட்டேன். “கேசு கீசுன்னு போனீன்னா, உனக்கு அக்கா இல்லீன்னு நெனச்சுக்கோ” என்றார். பல மாதம் யோசித்தேன். ஒரு கையை வைத்துக்கொண்டு எந்த வேலைக்குப் போனாலும், பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் மனுப் போட்டேன்.

விசாரணையில் மச்சான் பணிவாகவே பேசினார். “வேலையாளாங்க? எம்பட மச்சினனுங்க. ஒத்தாசைக்கு வந்தான். சம்பளமெல்லாம் ஏதுங்க?”

என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மச்சினன் சம்பளத்துக்கு எங்கள் பக்கம் யார் சீட்டு எழுதுவார்கள்? சம்பளம் வாங்கினேன் என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவளைக் கூப்பிட வேண்டாம் என்றேன். அப்படியானால் மனு நிற்காது என்றார் என் வக்கீல். சரி, கூப்பிடுங்கள் என்று தலையாட்டினேன்.

அக்கா மச்சானின் காரில்தான் வந்து இறங்கினாள். அதிகாரி கேட்டதும், துண்டுக்குள் நான் ஒளித்திருந்த கையைப் பார்த்தாள்.

“வாராவாரம் நாந்தானுங்க குடுத்தேன். சம்பளந்தானுங்க.”

மச்சான் எழுந்து வெளியே போனார். அக்கா செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதை வைத்துத்தான் இன்று கடை நடத்துகிறேன். கல்யாணமும் வந்தது. எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச் சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளையும் மறு தலைப்பை அவன் கூடப்பிறந்தவளும் பிடித்து நிற்க வேண்டும். முதல் நாள் அக்கா போன் செய்தாள்.

“நா வரலை சாமி. வந்தா திரும்பி இந்த ஊட்டுக்குள்ள வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. புள்ளைக இங்க இருக்குதுக.”

“செரிக்கா.”

“சேலை என்ன கலரு?”

“அரக்குக்கா.”

“நல்லா இருக்கும்” என்று வைத்துவிட்டாள்.

பெரியப்பா மகள் இணைச்சீருக்கு நின்றாள். தலைப்பு என் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. “இறுக்கிப் புடி சாமி” என்றார் சீர் செய்துவைத்த பெரியவர்.

“வெரலெல்லாம் லீவுல இருக்குதுங்க” என்றேன். மண்டபமே சிரித்தது. பெரியப்பா மகள் சிரிக்காமல், இன்னொரு கையால் என் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஒரு போட்டோவும் தேறாது என்று கேமராக்காரர் என்னை அதட்டினார்.