என் சட்டைப் பையில் இருந்த அவர் மாத்திரை

போன வருடம் மாம்பழ சீசன் தொடங்கிய நேரம். சூளகிரிப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பால்காரர் ஊற்றும் பாலிலேயே விரலை விட்டுப் பார்க்கிற ஆள். சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. பிரஸ் மெஷின் ஓடுகிற இடத்தில் அது நல்ல குணம்தான் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் லைனில் ஜவளகிரிக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயது. தக்காளி விவசாயம் கைகொடுக்காமல் கம்பெனிக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். திடீரென்று அவர் போக்கு மாறியது. காலை ஷிஃப்டிலேயே கொட்டாவி மேல் கொட்டாவி. கை லேசாக நடுங்கும், சும்மா நின்றாலும் வியர்க்கும். ஒரு பச்சை பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடிப்பார்.

எனக்குப் பொறி தட்டியது. எல்லையைத் தாண்டினால் கர்நாடகா பாக்கெட் சரக்கு. மனிதர் அதைத்தான் தண்ணீரில் கலந்து கொண்டுவருகிறார்! ஒருநாள் எல்லோர் முன்னாலும் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"நாக்கு ஒட்டிக்கிது சார், அதான்" என்றார்.

நம்பினேனா? இல்லை. மறுநாள் கேட்டில் அவர் பையைத் திறக்கச் சொன்னேன். ஒரு கவர் நிறைய மாத்திரை அட்டைகள்.

"என்னப்பா இது?"

"உடம்புக்கு சார்."

"உடம்புக்கு என்ன?"

தலையைக் குனிந்துகொண்டார். போதை மாத்திரையேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். "இனிமே இதோட உள்ள பார்த்தேன், அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிருவேன்" என்று கவரைப் பிடுங்கி என் டிராயரில் பூட்டினேன்.

நாலாம் நாள் மெஷின் பக்கத்தில் தள்ளாடி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். ஒரு அடி முன்னால் சரிந்திருந்தால் கை போயிருக்கும். "தலைக்குள்ள கரண்ட் அடிக்கற மாதிரி இருக்குது சார். கிருஷ்ணகிரி டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. ஆள் இன்று கையும் களவுமாக மாட்டப்போகிறார் என்று, கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி வண்டியில் கிளம்பினேன்.

அங்கே போனால், வாசலில் மனநல மருத்துவர் என்று போர்டு. "சார் வெளிய இருக்கட்டுமா?" என்று டாக்டர் அவரிடம் கேட்டார். "உள்ளயே இருக்கட்டும் மேடம்" என்றார். மாத்திரை சாப்பிட்டு நாலு நாளாச்சு என்றும் சொன்னார். நான் கவரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது எப்படி உங்க பாக்கெட்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான்தான் மேடம், சார்கிட்ட பத்திரமா வெக்கச் சொன்னேன்."

கூனிக் குறுகிப்போனேன். "இல்ல மேடம். நான்தான் புடுங்கி வெச்சேன்."

டாக்டர் கத்தவில்லை. வாய் உலர்வது, நடுக்கம், வியர்வை, கொட்டாவி எல்லாம் இந்த மாத்திரை ஆரம்பித்த புதிதில் சிலருக்கு வரும், பெரும்பாலும் போகப்போகக் குறைந்துவிடும் என்றார். தலைசுற்றியது மாத்திரையால் இல்லை, சட்டென்று நின்றுபோனதால். "கொறைக்கறதுன்னாலும் நிறுத்தறதுன்னாலும் நாங்க பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் செய்யணும்." குறைந்த அளவில் மறுபடி தொடங்கி, காலை மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். தொந்தரவு நீடித்தால் வேறு மாத்திரை பார்க்கலாம், பத்து நாளில் வாருங்கள், அதுவரை மெஷின் பக்கம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தினோம். "ஏம்பா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"பைத்தியம்னு நிறுத்திட்டீங்கன்னா? செத்துரலாம்னு இருந்தேன் சார். இப்பதான் ரெண்டு வாரமா சோறு எறங்குது" என்றார்.

எனக்கு டீ இறங்கவில்லை. அந்தச் சோற்றையும் அல்லவா நான் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது. பச்சை பாட்டில் மட்டும் இன்னும் இருக்கிறது.

அதை மோந்து பார்க்கத் தெரிந்த எனக்கு, "உனக்கு என்னப்பா செய்யுது?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத் தெரியவில்லை; நான் பறித்ததை மறைத்து அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான், இன்றும் யாரையாவது சந்தேகப்படும்போது என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.