டப்பாவோடு போன வண்டி

சென்ற வாரம் அடையாறில் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். ஏசி, சோபா, காகிதக் கோப்பையில் இலவசக் காப்பி. கிரீஸ் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. கைப்பேசிக்கு வந்த பில் மளிகைக் கணக்கு மாதிரி நீண்டுகொண்டே போனது. இதெல்லாம் பத்திரமாக இருந்தால்தான் விற்கும்போது விலை வரும் என்றார் கவுன்டர் பெண். "மாத்தின பழைய சாமான் எங்கம்மா?" என்றேன். "பழசா? அது எதுக்கு சார்?" பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

மெடிக்கல் ரெப்பாக நான் டாக்டர்களின் வாசலில் தவம் கிடந்த காலம். கறுப்பு நிறத்தில் நூறு சிசி வண்டி. மந்தைவெளியில் தனசேகர் என்று ஒரு மெக்கானிக், என் வயதுதான். எதை மாற்றினாலும் பழையதைத் துடைத்து, பேப்பரில் சுற்றி, மேலே தேதியும் கிலோமீட்டரும் எழுதிக் கையில் கொடுத்துவிடுவான். "புச்சு மாத்திட்டேன்னா நீ நம்புவே. உங்கிட்ட வாங்கறவன் நம்புவானா மச்சி?" நான் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கட்டிலடியில் தள்ளிவிடுவேன். அங்கிருந்து எண்ணெய் வாடை வீசும். "வண்டிய கீழ நிறுத்திட்டு வாசனைய மட்டும் ஏண்டா மேல கொண்டு வர்றே?" என்பார் அப்பா.

மேல் என்றால் மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் போய் பதினோரு மாதமாகத் தெருவை மிதிக்கவில்லை. ஜன்னலில் நின்று காய்கறிக்காரரோடு பேசுவதோடு சரி. அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு தரைத்தள வீடு காலியானது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் நமக்கு. விற்க என்னிடம் இருந்தது வண்டி ஒன்றுதான்.

என் மேதாவித்தனத்தைக் கேளுங்கள். விலை ஏறும் என்று, தனசேகரிடம்கூடச் சொல்லாமல், வண்டி முழுக்கப் புது பெயின்ட் அடித்துத் திருவல்லிக்கேணிக்கு ஓட்டிப்போனேன். பழைய வண்டி வாங்கி விற்கும் காதர் பாய் டேங்க்கை விரலால் தட்டினார்.

"எங்க தம்பி அடிபட்டுது?"

"அடியே படல பாய்."

"அப்ப எதுக்கு மேக்கப்?"

அவர் சொன்னது நான் நினைத்ததில் பாதி. அது அட்வான்ஸுக்குக் காணாது. தனசேகருக்குப் போன் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டி ஓய்ந்தபின், "டப்பா கீதா? அத்த எட்துகினு போ" என்றான்.

மறுநாள் காதர் பாய் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி வரிசையில் நடைபாதையில் பரப்பினார். கிளட்ச் தட்டைத் தடவினார். "தெருவுக்குத் தெரு நிக்கிற வேலையா?" ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினார். "இஞ்சின் சுத்தம்." துருவேறிய செயினையும் பொட்டலத்தின் மழைக்காலத் தேதியையும் பார்த்தார். "வேளச்சேரி தண்ணில உட்டுகீறே. உடனே மாத்திகீறே." எல்லாம் உண்மை. நான் ஆறு வருடம் சுற்றியதெல்லாம் அந்த நடைபாதையில் கிடந்தது. ஒரு மனிதர் அதை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பொட்டலத்தில் பின்பக்க ஃபுட்ரெஸ்ட் ரப்பர், மொழுமொழுவென்று தேய்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் இருந்த ரப்பரைக் குனிந்து பார்த்தார்.

"மாத்தி ஒரு வருசமாச்சு, புச்சாவே கீது. பின்னாடி குந்தறவரு இப்ப வர்றதில்லியா?"

"அப்பா. கால் முடியல," என்றேன்.

அவர் ரப்பரைப் பேப்பரில் மறுபடி சுற்றி டப்பாவில் வைத்தார். பிறகு நான் நினைத்திருந்த முழு விலையையும் சொன்னார். டப்பா வண்டியோடு போக வேண்டும் என்றார். நான் யோசிக்கவே இல்லை.

புது வீட்டுக்குப் போன மறுநாள் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துபோய்த் தானே காப்பித்தூள் வாங்கி வந்தார். உலகத்தையே வாங்கி வந்த முகம் அவருக்கு.

தனசேகரின் கடை இருந்த இடத்தில் இன்று மருந்துக்கடை. வண்டி எண்ணைத் தட்டினால் கைப்பேசியே விலை சொல்கிறது, அதுவும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்று அது கேட்பதில்லை. அப்பாவும் போய்விட்டார். அந்த ரப்பரை மட்டும் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம்.