கறை எடுக்கும் அறை

குடியை விடுவதற்கான சிகிச்சை முடிந்து பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போனபோது முதலாளி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் கட்டிங் மெஷினைத் தொட விடவில்லை. பதினெட்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். நூறு துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, விரலுக்கும் கத்திக்கும் நூலிழை இடம் விட்டு ஓட்டினவன். இப்போது டீ டம்ளரைத் தூக்கினாலே கை நடுங்கி டீ தளும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "கை நல்லா ஆகட்டுங்க மாஸ்டர், அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்குக் கறை எடுக்கற ரூம்ல நில்லுங்க." அவர் குன்னத்தூர்ப் பக்கம் சொந்தத் தோட்டம் உள்ள கொங்குக்காரர். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அன்று அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

கறை எடுக்கும் அறை என்பது பேருக்குத்தான் அறை. செக்கிங் டேபிளுக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்த ஒரு மூலை. தைக்கிற மெஷினிலிருந்து எண்ணெய் சொட்டி பனியனில் விழும். செக்கிங்கில் நிற்கும் பெண்கள் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே தள்ளுவார்கள். நான் துப்பாக்கி மாதிரி இருக்கும் ஒரு கருவியால் அந்த இடத்தில் கெமிக்கலைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். கறை போய்விடும். நெடி ஏறாமல் இருக்க மூக்கில் ஒரு வேஸ்ட் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. பழகிக்கொள்ள அரை நாள் போதும். அதற்குப் போய் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

செக்கிங் டேபிளில் நின்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களில் ஒருத்தி என் மனைவி. நாங்கள் தென்காசிப் பக்கம். கல்யாணமான மறுமாதமே பிழைக்க இங்கே வந்துவிட்டோம். இரண்டு தெரு தள்ளி லைன் வீட்டில் குடியிருக்கிறோம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

தினமும் காலையில் இட்லி சாப்பிட்டதும் எனக்கு ஒரு மாத்திரை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் விளக்கித்தான் கொடுத்தார். இருமல் மருந்து, ஷேவிங் லோஷன், கை துடைக்கிற சானிடைசர் எதுவும் கூடாது என்றார். அன்றைக்கே என் மனைவி வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். மாத்திரையை அவள் கையால்தான் தருவாள். விழுங்கியதும், "வாயத் திறங்க," என்பாள். திறப்பேன். "நாக்கத் தூக்குங்க." தூக்குவேன். நாற்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கும் மகள் முன்னால், இதைச் செய்வதற்கு என்னைக் கொன்றுவிடலாம் என்றிருக்கும். ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதல் வாரமே மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து வெளியே துப்பினவன்தானே நான்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "இன்னொரு தடவன்னா நானும் பிள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம். கூப்பிட வரக்கூடாது." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. செக்கிங்கில் பனியன் பீஸில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

குடிக்காமல் இருப்பது ஒரு வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. முன்பெல்லாம் சாயங்காலம் என்பது கடைக்குப் போகிற வழியாகவே கழிந்துவிடும். இப்போது அது நீண்டு கிடந்தது. டிவி பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன், மகளின் புத்தகத்தைப் புரட்டுவேன். மணி ஏழரைகூட ஆகியிருக்காது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, வெறும் அலுப்பு. விட்டவன் முகத்தில் ஒளி வீசும் என்றெல்லாம் சொன்னார்கள். என் முகத்தில் தூக்கம்தான் வழிந்தது.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, கறை எடுக்கிற கெமிக்கல் தீர்ந்துபோனது. ஷிப்மென்ட் அவசரம். மேனேஜர் ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்து, "சரக்கு வர்ற வரைக்கும் இந்த ஸ்பிரிட்ல ஓட்டுங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு ஓடினார். மூடியைத் திறந்தேன். என்ன வாசனை என்று மனசுக்குப் புரிவதற்கு முன்பே என் வாயில் எச்சில் ஊறிவிட்டது.

அப்போதே வெளியே வந்து, இது எனக்கு ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்ன பட்டியல் எனக்கு மறக்கவில்லை. குடிக்கக் கூடாது, பூசக் கூடாது என்றார், மோந்து பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். முதல் நாள் மூக்கில் துணியைக் கட்டியிருந்தேன். இரண்டாம் நாள் கொஞ்சம் தளர்த்தினேன். மூன்றாம் நாள் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பீஸை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு அடித்தேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் நான் வேலைக்குச் சந்தோஷமாகப் போனேன். அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அன்று பதினோரு மணி டீக்குக் கொஞ்சம் முன்னால் காதுக்குள் சூடு ஏறியது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, அயர்ன் பண்ணி அடுக்கியிருந்த பீஸ்களுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்து விழுந்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை. சிவந்த முகமும் ஸ்பிரிட் வாடையுமாக ஒரு குடிகாரன் கிடந்தால் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

என் மனைவி வந்து குனிந்தாள். மூக்கை என் சட்டைக்குக் கிட்டே கொண்டுபோய் நிமிர்ந்தாள்.

"குடிச்சியளா?"

"இல்ல. சத்தியமா இல்ல. பிள்ளை தலமேல..." என்று கையைத் தூக்கினேன். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அந்தப் பிள்ளைய விடுங்க."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மகள் தலையில் அடித்து எத்தனை தடவை பொய்ச் சத்தியம் செய்திருக்கிறேன். உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்திருக்கிறேன். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, அது கையில் இருக்கும்போதே குடித்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல ஒரு நாள் வந்தபோது அதற்கு வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு சத்தியமும் மிச்சமில்லை.

முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டபோது முதலாளிதான் யோசித்துச் சொன்னார்: "ஏனுங்க டாக்டர், மூணு நாளா அந்த ரூம்ல ஸ்பிரிட்டுத்தானுங்க அடிச்சுட்டிருக்கறாங்க. அதனால இருக்குமுங்களா?" அடைத்த அறையில் அவ்வளவு நேரம் உள்ளே இழுத்தால் இப்படி ஆகலாம், அந்த வேலையை உடனே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தோணாமப் போச்சுங்களே அம்மிணி," என்று என் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "ஆகலாம்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆச்சுன்னு சொல்லல."

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் போனில் பேசினாள். அங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாதி வருடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். குடிக்காமலே எல்லாம் போகப் போகிறதே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில் கழற்றி மாட்டிய துணி ஞாபகமும் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். எனக்கு ஓய்வு. சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்தபோதே அந்த வாசனை வந்தது. தலைமுடி, சேலை எல்லாவற்றிலும். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"மோந்து பாருங்க. காலைலருந்து அந்த ரூம்லதான் நின்னேன். மொதலாளி வேண்டாம்னாரு, நான்தான் பிடிவாதமா நின்னேன். மிச்சம் இருந்த ஸ்பிரிட்ட அடிச்சிப் பாத்தேன். எம்மேலயும் அதே வாடைதான் அடிக்கி. துணி கட்டியிருந்தும் தல சுத்துது." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீங்க குடிக்கல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்," என்றாள்.

பத்து வருடமாக அவள் என்னை ஒரு தடவையாவது நம்ப மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். சும்மா இருந்திருக்கலாம். மூக்குக்கு நேரே நீட்டிய அந்தக் கையிலிருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. என் வாயில் மறுபடி எச்சில் ஊறியது.

"தள்ளி நில்லு," என்றேன். "எனக்கு நாக்கு ஊறுது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் துணி கட்டல. மொத நாளே தெரியும், அது ஆகாதுன்னு. வாசன பிடிச்சிருந்துச்சு. நானேதான் கழட்டினேன்."

அவள் கையை இறக்கிக்கொண்டாள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். திரும்பி வந்து எனக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"பிறகு ஏன் சொன்னிய?"

"தெரியல. அலுத்துப் போச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். என்னைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய் விட்ட அன்றுகூட அவள் அழவில்லை. பக்கத்தில் போக எனக்குப் பயமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். "பள்ளிக்கூடத்துல கேக்க வேண்டாம்," என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமா, இப்போதைக்கு," என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள்: "இப்போதைக்குத்தான்."

சரி என்றேன். சத்தியம் எதுவும் செய்யவில்லை.