எஸ்தர் அன்ரியின் நடை

எங்கள் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் போர்த்துக்கல் பெண்மணி என் போட்டோக் கடைக்குள் வந்தபோது, நான் கணினியில் ஒரு மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை அழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றே சத்தம் போட்டுவிட்டுப் போகிறவர் அவர். அன்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான்காம் மாடி மதாம் எஸ்தர் விடியற்காலையில் மருத்துவமனையில் காலமாகிவிட்டார் என்றார். மணப்பெண்ணை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவர் இறந்தால் அன்று மாலையே கடைக் கண்ணாடிகளில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டுவிடும். அவற்றில் பாதி என் கடையில் அச்சானவை. வதிவிட அட்டையில் இருக்கும் கடுகடுத்த முகத்தைக் கொண்டுவந்து தருவார்கள். நான் அதற்கு ஒரு கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டு, பின்னால் நீல வானம் விரித்துக் கொடுப்பேன். உயிரோடிருந்த காலமெல்லாம் சாரத்தோடு திரிந்த மனிதர்கள்கூட என் கடையைத் தாண்டினால் மந்திரிமார்தான். எஸ்தர் அன்ரிக்கும் ஒன்று அடிப்போம் என்று கணினியில் தேடினேன். ஒரு படம்கூட இல்லை. அவர் யாரையும் தம்மைப் படம் எடுக்க விட்டதில்லை. ஊருக்கெல்லாம் முகம் கொடுத்த கடையில் அவருக்கு முகம் இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் அன்ரி அமெரிக்கர். பெயரைக் கேட்டுவிட்டு, "யாழ்ப்பாணத்திலை எந்தப் பக்கம்?" என்று விசாரித்தவர்களும் உண்டு. கார்ட்டூன் படங்களைக் கையால் வரைந்த காலத்தில், அந்த வேலையில் தலையெடுத்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். பாரிஸில் ஒரு கல்லூரியில் கற்பிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டார். பல வருடங்கள் எங்களுக்குள் ஒரு "போன்ஜூர்" மட்டும்தான் இருந்தது.

வன்னியில் இறுதிப்போர் நடந்த 2009இல் என் கடையின் வேலை மாறிப்போனது. கலியாண ஆல்பங்கள் நின்று, அஞ்சலிப் படங்கள் குவிந்தன. அந்த நாட்களில் ஒருநாள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நெடுநேரம் நின்ற எஸ்தர் அன்ரி, உள்ளே வந்து, இவர்கள் எல்லோரும் அரசாங்க அதிகாரிகளா என்று கேட்டார். நான் கோட்டு ரகசியத்தைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இத்தனை பேரா என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. மறுநாள் நகல் எடுக்க ஒரு தாளோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். என் பிரெஞ்சும் ஓட்டை, அவருடைய பிரெஞ்சும் ஓட்டை. அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம். என்னை "முசியே போட்டோ" என்பார். எதிர்க்கடை உழுந்து வடை அவருக்கு உயிர்.

தம் கதையை ஒரே மூச்சில் அவர் சொன்னதில்லை. வடைக்கு ஒரு துண்டாகச் சொன்னார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கலிபோர்னியாவில் ஒரு படக்கூடத்தில் சேர்ந்தாராம். ஆண்கள் வரைவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடித் தாளில் நிறம் பூசுவார்கள். பெண்ணுக்குப் பென்சில் கிடையாது. மதிய இடைவேளையில் கழித்துப்போட்ட தாள்களை எடுத்து, ஒரு கிழட்டுக் கழுதை வேலை முடிந்து வீடு திரும்புவதை வரைந்திருக்கிறார். மேலாளர் ஒருவர் கண்ணில் அது பட்டது. கழுதை திரைக்குப் போனது, அவருடைய பெயர் போகவில்லை. அடுத்தடுத்த கழுதைகளுக்குச் சண்டை பிடித்துப் பெயர் வாங்கினார். இன்றைக்கும் பல நாடுகளில் நடையை வரையக் கற்பிக்கிறவர்கள் முதலில் போட்டுக் காட்டுவது அந்தக் கழுதையைத்தான் என்று பிறகு அறிந்தேன்.

"அந்தக் கழுதை என் அப்பா," என்றார் ஒருநாள்.

எங்கள் ஊரில் அப்பாவைக் கழுதை என்றால் அன்றிரவு சோறு கிடைக்காது என்றேன். அவர் வடையைக் கீழே வைத்தார். "அப்பாவின் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வேலை முடிந்து அவர் வரும் நடை மட்டும் இருந்தது. அதைக் கழுதைக்குக் கொடுத்துவிட்டேன்," என்றார்.

அவர் கடைக்கு வரத் தொடங்கி இரண்டு வருடம் கழித்துத் தவராசாவும் அவருடைய தங்கை யோகமும் என் கடைக்கு வந்தார்கள். தவராசா உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர், பாரிசுக்கு வந்து வெகுகாலம். யோகம் வன்னியில் கடைசிவரை தாயோடு இருந்து, முகாமில் அடைபட்டு, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். தாய் அங்கேயே இறந்துபோனார். வீடு, ஆல்பம், ஒன்றும் மிஞ்சவில்லை. திவசம் வருகிறது, படையலுக்கு முன்னால் வைக்க அம்மாவின் முகம் வேண்டும் என்றார்கள். யோகத்தின் படத்தை வைத்து, வயதைக் கூட்டி, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி ஒன்று செய்து வைத்தேன்.

தவராசா அதைப் பார்த்தார். "இது ஆரோ ஒரு மனுசி, அண்ணை. அம்மாவுக்கு ஒரு நரை இல்லை. கன்னம் நல்லாப் பூரிச்சிருக்கும்."

"நீங்கள் கண்டது பழைய அம்மா," என்றார் யோகம். "கடைசியிலை அவவுக்குக் கறுத்த மயிர் ஒண்டும் இல்லை. கன்னம் ஒட்டிப்போச்சு. சாப்பாடு எங்கை இருந்தது?"

அவருடைய அம்மாவை இவர் ஏற்கவில்லை, இவருடைய அம்மாவை அவர் ஏற்கவில்லை. குரல் உயர்ந்தது. நீ என்னவெண்டு அவவை விட்டிட்டு வந்தனி என்று தவராசா கேட்டபோது, யோகம் கைப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற எஸ்தர் அன்ரி குறுக்கே கையை நீட்டி, என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"முகத்தை விடுங்கள்," என்றார். "அவர் எப்படி நடப்பார்?"

மொழிபெயர்த்தேன். தவராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடையை வைச்சு என்ன செய்யிறது, அண்ணை? மாலை போடுறது முகத்துக்கல்லோ."

ஆனால் யோகம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டார். இடது கையால் இல்லாத சேலையின் கொய்யக மடிப்பைப் பிடித்தார். வலது கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, ஏதோ கனம் தூக்குவதுபோல் தோளைச் சாய்த்து, என் சின்னக் கடைக்குள் நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்று, பின்னால் யாரோ வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தவராசா மெல்ல எழுந்தார். "கிணத்தடியிலை இருந்து வரேக்கை," என்றார். அந்தப் பெரிய உடம்பும் அதே தோளைச் சாய்த்து, அதே இடத்தில் நின்று, அதேபோல் திரும்பிப் பார்த்தது. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை, என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் அன்ரி பல நாட்கள் என் மேசையில் உட்கார்ந்து வரைந்தார். கை நடுங்கும். பென்சில் தாளில் பட்டதும் நடுக்கம் நின்றுவிடும். முடித்ததும் இருவரையும் கூப்பிட்டு, தாள்கட்டை ஒரு கையில் பிடித்து, மற்றக் கைப் பெருவிரலால் படபடவென்று விரித்துக் காட்டினார். வாளியோடு ஒரு பெண் நடந்து வந்தாள். முகத்துக்கு இரண்டே மூன்று கோடுகள். முதல் தாளில் கறுத்த கூந்தல், பூரித்த கன்னம். நடக்க நடக்க நரை ஏறியது, கன்னம் வற்றியது. நடை மாறவேயில்லை. கடைசித் தாளில் நின்று திரும்பிப் பார்த்தவர், யோகத்தின் அம்மா.

தவராசா திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்தார். பிறகு தங்கையின் கையைப் பிடித்து, "நான் காணாத வருசம் எல்லாம் இதுக்கை கிடக்கு, பிள்ளை," என்றார். அவர் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். யோகத்துக்கு அது போதுமாயிருந்தது.

எந்தத் தாளுக்கு மாலை போடுவது என்ற கேள்வி வந்தது. முழுக் கட்டுக்கும் போட்டார்கள். இப்போதும் புறநகர் சார்செலில் அவர்கள் வீட்டில் ஒவ்வொரு திவசத்திலும், படையல் போட்டு முடிந்ததும், யோகம் அந்தக் கட்டை ஒருமுறை விரிப்பார். அம்மா நடந்து வருவார். அதற்குப் பிறகுதான் காகத்துக்குச் சோறு வைப்பார்கள்.

வருடாவருடம் எங்கள் தெருவால் வரும் பிள்ளையார் தேர்த் திருவிழாவை எஸ்தர் அன்ரி முதலில் மாடி ஜன்னலிலிருந்துதான் பார்த்தார். பின்னர் இறங்கி வந்து, எங்களைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தேருக்குப் பின்னால் வரத் தொடங்கினார். சிதறிய தேங்காய்த் துண்டில் கால் பட்டுக் காயம் வந்தும் விடவில்லை. "வருடம் முழுவதும் மெத்ரோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறீர்கள். இன்றைக்குத்தான் உங்கள் சொந்த நடையில் நடக்கிறீர்கள்," என்பார். தமிழில் அவர் பழகியது ஒன்றே ஒன்று. கடையை விட்டுப் புறப்படும்போது, போய்விட்டு வருகிறேன் என்பதை எங்களைப் போலவே "போட்டு வாறன்" என்று சொல்வார். திரும்பி வராமல் போகிறவர்கள் இறந்தவர்கள் மட்டும்தான், அதனால் நாங்கள் வெறுமனே போகிறேன் என்று சொல்லமாட்டோம் என்று நான் விளக்கியதிலிருந்து அதை மறந்ததேயில்லை.

செய்தி கேட்டுத் தவராசாவும் யோகமும் அன்று மாலையே வந்தார்கள். படமில்லை என்றேன். சரி, முகம் எப்படி என்று மூவரும் சொல்லிப் பார்த்தோம். கண் நீலம் என்றார் தவராசா. பச்சை என்றேன். சாம்பல் என்றார் யோகம். பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் தேர்த் திருவிழாவுக்கு எடுத்த வீடியோக்களைத் திரையில் ஓடவிட்டேன். ஆயிரம் தலைகள். நாங்கள் தலைகளைத் தேடவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு, "அங்கை," என்றார் யோகம்.

திரையின் ஓரத்தில் வெறுங்காலோடு ஒரு கிழவி, முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். ஒரு கை இடுப்பில். இரண்டு எட்டு வைப்பார், முன்னால் போகிறவர்களின் கால்களைக் குனிந்து பார்ப்பார், மறுபடி இரண்டு எட்டு. முகம் ஓரிடத்திலும் தெரியவில்லை. எங்களுக்குச் சந்தேகமும் இல்லை. படத்தை நிறுத்தி அச்சிடலாம் என்று பொத்தானில் விரல் வைத்தேன். தவராசா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டாதேங்கோ, அண்ணை. அவ நடக்கட்டும்."

அதனால் எஸ்தர் அன்ரிக்குக் கோட்டும் நீல வானமும் கிடைக்கவில்லை. கடைக் கண்ணாடிக்குள் ஒரு திரையை வைத்து, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்துத் தாள்களில் மந்திரிமார் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் நடக்கிறார். மெத்ரோவிலிருந்து இறங்கி வருகிறவர்கள் நிற்கிறார்கள். பெயரைப் படிக்குமுன்பே, "எஸ்தர் அன்ரியல்லோ," என்கிறார்கள். திரையின் விளிம்புவரை போய் மறைகிறார், மறுபடி இந்தப் பக்கமாக வருகிறார்.

கடை பூட்டும்போது விளக்கை அணைக்கிறேன், அந்தத் திரையை அணைப்பதில்லை. போட்டு வாங்கோ, அன்ரி.