மழையில் நின்ற இருபத்தொன்றாவது வெற்றி

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நடக்கும் குத்துச்சண்டைப் போட்டிகளையும் கானாக் கச்சேரிகளையும் நான் நோட்டில் எழுதிவருகிறேன். தேதி, கிழமை, இடம், முடிவு. ஒவ்வொரு குத்துச்சண்டைக்காரனுக்கும் இரண்டு பக்கம்: இடப்பக்கம் வெற்றி, வலப்பக்கம் தோல்வி. யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலை கானாப் பாடகன் வந்தான். காசிமேட்டுக் குத்துச்சண்டைக்காரன் ஒருவன் கடலுக்குப் போய் ஐந்து வாரமாகியிருந்தது. படகின் உடைந்த பலகைகள் எண்ணூரில் ஒதுங்கிவிட்டன. உடல் கிடைக்கவில்லை. போட்டோவுக்கு மாலை போட்டு அன்று சாவுக் கானா பாடவிருந்தார்கள்.

"மொத்தம் எத்தினி ஜெயிச்சான், நைனா? பாட்டுல வெக்கணும்."

இடப்பக்க வரிகளை எண்ணி, இருபத்தொன்று என்றேன்.

'இருவத்தொண்ணு ஜெயிச்சுட்டு இறங்கிட்டான்டா கடலுக்குள்ள' என்று பாடினான். யாரோ போனில் பிடித்துப் பரப்பினார்கள். பத்து வருடம் பாடியும் கிடைக்காத பெயர் அந்த ஒரு பாட்டில் அவனுக்குக் கிடைத்தது.

பாடிய பதினோராம் நாள், செத்தவன் திரும்பி வந்தான்.

ஆந்திரப் படகு ஒன்று அவனைத் தூக்கியிருக்கிறது. ஏதோ ஒரு மருத்துவமனையில் பெயர் சொல்லத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறான். எல்லோரும் அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஆனால் ஒரு வாரத்தில் ஏதோ மாறியது. டீக்கடையில் கிளாஸை அவன் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தார்கள். அவன் தெருவில் நடக்கும்போதே ஆட்டோவில் அவன் சாவுப் பாட்டு ஓடியது. ஓட்டுநர் அவனைப் பார்த்துவிட்டு, நிறுத்தவும் கூச்சப்பட்டு, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"நான் ஜெயிச்சது எத்தினி, நைனா? தேதியோட படி."

படித்தேன். பதினெட்டாவது வரியில் விரலை வைத்தான். நகத்தின் ஓரம் இன்னும் ஊறிப்போனதுபோல் வெளுத்திருந்தது.

"அன்னிக்கு மழ. கையில துணிகூட சுத்தல."

அவன் சொன்னது சரி. போட்டி நாள் காலையிலேயே வரியை எழுதி, முடிவுக்கு இடம் விட்டுவைப்பது என் வழக்கம். அன்று எதிராளி சுமார் ரகம் என்பதால் வெற்றிப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். மழையில் போட்டி நின்றது. வரியை அடிக்க மறந்திருக்கிறேன்.

"அப்போ இருவதுதான். ஒண்ணு கொறையுது. அதான் என்னத் திருப்பி அனுப்பிக்கீது."

"எது?"

 அவன் கடல் இருக்கும் பக்கம் பார்த்தான்.

மறுநாள் மீன் கூடையோடு அவன் மனைவி வந்தாள். "அண்ணா, அவரு மறுபடியும் சண்டைக்குப் போறேன்றாரு. ஜெயிச்சா இருவத்தொண்ணு ஆயி பாட்டு சரியாப்பூடும். அப்பால கடலு அவர இங்க வுட்டுவெக்குமா?"

படித்தவன் என்ற முறையில் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

எதிராளிதான் கிடைக்கவில்லை. "பேய்கிட்ட குத்து வாங்கிக்கினு ஆஸ்பத்திரில இன்னா சொல்றது, மாமு?" என்று சிரித்துக்கொண்டே நழுவினார்கள். கடைசியில் திருவொற்றியூர்க்காரன் ஒருவன் சம்மதித்தான். ஞாயிறு மாலை நான்கு மணி.

கூட்டம் சேர்க்க அந்தப் பாடகனையே அழைத்திருந்தார்கள். அவன் வேறு பாட்டு எடுத்தான், கூட்டம் விடவில்லை. பாட்டின் நாயகன் கையுறையோடு மூலையில் நிற்க, அவன் செத்த பாட்டைப் பாடினான். 'இருவத்தொண்ணு' வந்தபோது எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். மூலையில் நின்றவனின் உதடுகளும் அசைந்தன. பாடி முடித்ததும் பாடகன் யார் முகத்தையும் பார்க்காமல் பைக்கில் கிளம்பினான். நான்கு இருபது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில் திருவொற்றியூர்க்காரன் முகம் குப்புற விழுந்தான். நடுவர் எண்ணத் தொடங்கினார். கயிற்றுக்கு வெளியே காசிமேட்டுக்காரனின் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு. அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. மறுகணம் ஓடிவந்து, விழுந்தவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். கூட்டம் கத்தியது. நடுவர் அதைத் தவறென்று அறிவித்து, நிற்கவே முடியாதவனின் கையை உயர்த்தினார்.

தோற்றவன் இறங்கி வந்து என் அருகில் உட்கார்ந்தான்.

"எட்டு எண்ணச்சொல்ல பின்னாடி பாட்டு கேட்டுச்சு, நைனா. அவன் கொரலுதான். 'கடலுக்குள்ள'ன்னு கடசி அடி பாடினான். உனுக்குக் கேட்டுச்சா?"

நோட்டைப் பார்த்தேன். பாடகன் கிளம்பியது நான்கு இருபது. அப்போது மணி நான்கு ஐம்பது. ஒலிபெருக்கியை எப்போதோ கழற்றியிருந்தார்கள்.

"இல்லை" என்றேன்.

கேட்டது.

அந்தப் போட்டியை வலப்பக்கத்தில் எழுதினேன். இடப்பக்கத்து மழைநாள் வரியை இன்றுவரை அடிக்கவில்லை. அதை அடிக்காதவரை அங்கே இருபத்தொன்று இருக்கிறது. குறைந்த ஒன்றைக் கேட்டு யார் வந்து எண்ணிப் பார்த்தாலும், கணக்கு அன்றே முடிந்தது, அவனிடம் வாங்க எதுவும் பாக்கியில்லை என்று காட்டலாம்.